அண்ணை எனக்குத் தராத சொல்

வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றபோது மனைவி ஓடிவந்து சொன்னாள்: "சிவபாதம் அண்ணை மோசம் போயிட்டாராம். செத்தவீட்டுக்குச் சனம் போகுது." மண்வெட்டியோடு அப்படியே நின்றேன். தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு போனது.

உரும்பிராயில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. நீதிமன்றத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். "சாட்சி பொய் சொன்னாலும், அந்தப் பொய்யைப் பிழையில்லாமல் மொழிபெயர்க்கோணும்" என்பார். சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை விட்ட எனக்கு, அவர் எதிர்வளவில் இருந்தது பெரிய எடுப்பு. யாருக்காவது விளங்காத கடிதம் வந்தால் நான்தான் கூட்டிப்போவேன், ஏதோ படித்தவன் நான் என்பது போல.

மூன்று வருடங்களுக்கு முன் வேலி அடைக்கும்போது, அவருடைய பக்கத்து வளவுக்காரர் வேலித் தடிகளான கதியால்களை அண்ணையின் காணிக்குள் ஒரு முழம் தள்ளி நட்டார். கண்டவன் நான் ஒருவன்தான். "ஓம் அண்ணை, என்ரை கண்ணாலை கண்டனான். எங்கை வேணுமெண்டாலும் வந்து சொல்லுவன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். ஆனால் அந்த வளவுக்காரரின் தமையன் மகனான பெறாமகனுக்கு என் மகளைக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். கிராம அலுவலரான விதானையார் விசாரிக்க வந்த அன்று, "நான் வடிவாக் கவனிக்கேல்லை" என்றேன். அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

அடுத்த நாள் அவர் வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். நானாகவே கேட்டேன்: "அண்ணை, நான் செய்தது இரண்டகமோ?"

"இரண்டகமெண்டால் ரெண்டு அகம். ஒருத்தனுக்குள்ளை ரெண்டு மனம். இங்கிலீசிலை டுப்ளிசிற்றி, அது லத்தீனிலையிருந்து வந்தது, ரெண்டா மடிச்சது எண்டு கருத்து. சிங்களத்திலையும் அந்தச் சொல் ரெண்டிலைதான் தொடங்குது. எல்லாச் சனமும் உந்த ஆளைக் கண்டிருக்கினம்."

"அப்ப நானும்..."

"நீ உதிலை சேர்த்தியில்லை. உன்னட்டை இருந்தது ஒரு மனம்தான். அது பயந்திட்டுது. குடி, ஆறப்போகுது."

ஏசியிருந்தால் சமாளித்திருப்பேன். அந்தச் சம்பந்தமும் சரிவரவில்லை. மகள் தானே ஒருவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டு, என் உதவியில்லாமல் நன்றாக இருக்கிறாள். பிறகு எனக்கு என்ன பயம்? "வாற கிழமை விதானையாரிட்டைப் போவம்" என்று அண்ணையிடம் சொல்லிச் சொல்லியே மூன்று வருடத்தைப் போக்கினேன். வேலி அங்கேயே நிற்கிறது. அண்ணை இல்லை.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி அவருடைய மகள் கேட்டபோது வெட்கத்தில் மறுக்கப் பார்த்தேன். மலர் அண்ணையின் வளவுக்கும் வேலிக்கு அந்தப் பக்கத்து வளவுக்கும் போகும் என்பதால்தான் ஒப்புக்கொண்டேன். அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அவர் எனக்குத் தராமல் விட்ட அந்தச் சொல். இனியும் வாய் மூடியிருந்தால் அது எனக்குச் சரியாகவே பொருந்தும். ஆகையால் எழுதுகிறேன்: கதியால்கள் ஒரு முழம் உள்ளே நடப்பட்டதை நான் கண்டேன். எப்போது காணியை அளந்தாலும் இடத்தைக் காட்ட வருவேன்.