சபீனாவின் கூண்டு நாறுவதில்லை

எனக்கு வயிறு எரிகிறது. அதை மூடி மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு சபீனாவைப் பற்றிச் சொல் என்றால் அந்த எரிச்சலோடுதான் சொல்வேன். இஷ்டம் இருந்தால் கேளுங்கள்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் இரண்டு பேர்தான் கோழி வளர்க்கிறோம். நானும் அவளும். நடுவில் ஒரு மதில். அவளிடம் இருப்பதும் நாட்டுக்கோழி, என்னிடம் இருப்பதும் நாட்டுக்கோழி. எதிரே இருக்கிற ஃபிளாட்டிலிருந்து ராதிகா என்கிற ஐடி கம்பெனிப் பெண் முட்டை வாங்க வருவாள். என் வாசலைத் தாண்டும்போது துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். சபீனாவின் வாசலுக்குப் போனதும் துப்பட்டாவை விட்டுவிட்டு, "அக்கா, முட்டை இருக்கா?" என்று சிரிப்பாள். இதைத் தினம் தினம் பார்த்துக்கொண்டு எந்தப் பொம்பளை சும்மா இருப்பாள்?

இத்தனைக்கும் அவளுக்குக் கோழி கொடுத்ததே நான்தான். சென்னீர்குப்பத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் ஆட்டோ ஓட்டினான். முதுகு போய் அவன் படுத்துவிட்டதும், அம்பத்தூர் எஸ்டேட்டில் மரப்பெட்டி செய்கிற பட்டறைக்கு ஆணி அடிக்கப் போனாள். பொம்பளை சுத்தியல் பிடிக்கிறாளா என்று தெருவே அவளைப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. சாயங்காலம் பழைய எக்ஸெல் வண்டியில் ஒரு மூட்டை மரத்தூளைக் கட்டிக்கொண்டு வருவாள். அடுப்பெரிக்க என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் மனசு கேட்காமல், "ஒத்த ஆளா ஊட்ட இழுத்துகினு கீற, முட்டையாச்சும் கெடைக்கட்டும்" என்று ஒரு பெட்டையையும் அதன் குஞ்சுகளையும் மதில்மேல் தூக்கிக் கொடுத்தேன். கோழிக்கு எப்போது தீனி, எப்போது அடை என்று சொல்லியும் கொடுத்தேன். பெரிய தர்மப்பிரபு நான்!

சுத்தத்தில் மட்டும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. விடிந்ததும் வாசல் தெளித்துவிட்டு, அதே கையோடு கோழிக்கூண்டையும் கழுவிவிடுவேன். சிமெண்டுத் தரை. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, துடைப்பத்தால் வறட்டு வறட்டென்று தேய்த்து, கடைசியில் ஃபினாயில். தண்ணீர் படாத இடம் எங்கேயாவது சுத்தமாகுமா? மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சொம்புத் தண்ணீர் விழுந்த சத்தத்தை நான் கேட்டதே இல்லை. "கூண்டக் கழுவுறதே இல்ல, அழுக்குப் புடிச்சவ" என்று குழாயடியில் நாலு பேரிடம் சொன்னேன். ஆனால் நாறியதென்னவோ என் வீடுதான். இது என்ன அநியாயம்!

மழை பிடித்துக்கொண்டதும் நாற்றம் கண்ணைக் கரித்தது. ஃபிளாட்டுச் சங்கத்துச் செயலாளர் கௌதம் குடையோடு வந்து நின்றான்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்களால ஜன்னலே திறக்க முடியல. வர்ற ஞாயித்துக்கிழமை வந்து பார்ப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா கார்ப்பரேஷன்ல சொல்லிடுவோம்."

"அந்தாண்ட ஊட்லயும்தான் கோழி கீது. அவளாண்ட போய்க் கேட்டியா நைனா?"

"அங்க நாத்தமே வரலையே, ஆன்ட்டி."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. என் மகன் வெற்றிச்செல்வன் வேறு, "இன்னாத்துக்கும்மா வம்பு? அவரு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் கறிக்கடைக்குத் தள்ளிடலாம்" என்றான். கறிக்கடைக்கா? நான் பார்த்துவந்த கேண்டீன் வேலை நின்ற பிறகு பகலெல்லாம் எனக்குத் துணை அந்தக் கோழிகள்தாம். அதிலும் கருப்பி இருக்கிறதே, கூப்பிட்டால் மடியிலேயே வந்து உட்காரும். அதைப் போய்க் கத்திக்குக் கொடுப்பேனா?

காலையில் மட்டும் கழுவியதைச் சாயங்காலமும் கழுவினேன். ஃபினாயிலை இரண்டு பங்காக ஊற்றினேன். நாற்றம் வெளியே போகக்கூடாது என்று, யாரோ காதுகுத்துக்கு அடித்த பழைய பேனரை வாங்கிவந்து கூண்டைச் சுற்றி இழுத்துக் கட்டினேன். பேனரில் ஒரு மொட்டைக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. நாற்றம் இன்னும் ஏறியது.

அந்த நேரம் பார்த்துக் கருப்பியைக் காணோம். நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டதோ என்று தெருக்கோடிவரை "பா, பா, பா" என்று கத்திக்கொண்டே ஓடினேன். திரும்பி வரும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் அதன் குரல் கேட்டது. சொல்லாமல் கொள்ளாமல் சபீனாவின் பின்கட்டுக்குள் நுழைந்துவிட்டேன். அவள் கூண்டின் மூலையில், அவள் கோழிகளின் முட்டைமேல், என் கருப்பி அடைக்கு உட்கார்ந்திருந்தது.

"இன்னாடி, என் கோழிய மயக்கி வெச்சுகினியா?"

"நான் இன்னாத்துக்குக்கா மயக்கப் போறேன்? காத்தாலயே மதில ஏறிக் குதிச்சு வந்துடுச்சு. ரெண்டு வாட்டி தூக்கி அந்தாண்ட வுட்டேன். திரும்பவும் வந்து குந்திகிச்சு" என்றாள் சபீனா.

கருப்பியைத் தூக்கக் கூண்டுக்குள் குனிந்தேன். அப்போதுதான் உறைத்தது. நாற்றமே இல்லை. அறுத்த மரத்தின் வாசம்தான் வந்தது. ஒரு சாண் கனத்துக்கு மரத்தூள். கால் வைத்தால் மெத்துமெத்தென்று காய்ந்து கிடந்தது. நாலு பக்கமும் வெறும் கம்பிவலைதான், காற்று தாராளமாக வந்து போனது. தண்ணீர்ச் சட்டியைக்கூடச் சிந்தாதபடி செங்கல்மேல், கூண்டுக்கு வெளியே வைத்திருந்தாள்.

"தண்ணி ஊத்தாதக்கா. எச்சம் காஞ்சா நாறாது, நனைஞ்சாத்தான் நாறும். தூளைப் போட்டு தெனம் கிளறிவுட்டா போதும். உன் கூண்டுல குந்துனா அதுக்குக் கண்ணு எரியுது, அதான் ஓடியாந்துடுச்சு."

"இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"குழாயாண்ட என்னிய அழுக்குப் புடிச்சவன்னு சொன்னியாமே. நான் வந்து, யக்கா கூண்டக் கழுவாதன்னு சொன்னா, நீ கேட்டுகினு இருந்திருப்பியா?"

எங்கே கேட்டிருப்பேன்? துடைப்பத்தைத் தூக்கியிருப்பேன்.

இரண்டு மூட்டை மரத்தூளை அவளே மதில்மேல் ஏற்றி வைத்தாள். வாங்க எனக்குக் கை வரவில்லை. என்னிடம் கோழி வாங்கிப் போனவளிடம் நான் தூள் வாங்குவதா? ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்ததே. பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன். பேனரை அவிழ்த்து வீசினேன். ஈர எச்சத்தையெல்லாம் வழித்து அள்ளிக் குழி தோண்டி மூடினேன். மழை விட்டு வெயில் அடித்ததும் தரையைக் காயவைத்துத் தூளைக் கொட்டினேன். மறுநாள் காலையில் குடத்தைத் தொடாமல் இருப்பதற்குள் என் உயிரே போய்விட்டது. கை நமநமவென்றது.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி கௌதம் வந்தான். கூண்டருகே நின்று மூச்சை இழுத்தான். நம்பாமல் இன்னொரு முறை இழுத்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் சபீனா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"நாத்தம் சுத்தமா நின்னுடுச்சே! சபீனாக்கா, நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா?"

என் முகம் சுண்டிப்போனது. தெரிகிறதா, பாராட்டுகூட அவளுக்குத்தான் போகிறது! ஆமாம் என்று சொல்லிவிடப் போகிறாள், தெரு முழுக்கப் பரவப் போகிறது என்று நின்றேன். அவள் இடத்தில் நான் இருந்தால் மைக் வைத்துச் சொல்லியிருப்பேன்.

"நானா? எனக்குக் கோழி குடுத்து வளக்கக் கத்துக்குடுத்ததே அவங்கதான். அவங்களுக்கு நான் இன்னாத்த சொல்லித்தர்றது?" என்று சொல்லிவிட்டு, அவள் பாட்டுக்குத் துணியை உதறினாள்.

கௌதம் எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். கோழிகள் தப்பின. இப்போதெல்லாம் ராதிகா என் வாசலிலும் துப்பட்டாவை விட்டுவிட்டு நிற்கிறாள். கருப்பி மட்டும் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடைக்கோழியைப் பாதியில் கலைக்கக்கூடாதாம். கை நிறைய நொய்யரிசியை எடுத்துக்கொண்டு சாயங்காலம் என் கோழியைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போகிறேன். கருப்பி என்னை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவள் கை பட்டால் மட்டும் சொகுசாகக் கண்ணை மூடிக்கொள்கிறது. நான் வாய் திறந்து திட்டுவதற்குள், "குந்துக்கா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு டீயைக் கையில் கொடுத்துவிடுகிறாள். நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட விடமாட்டேன் என்கிறாள், பாவி.