அடுப்படிப் பக்கம் வராத மூன்று நாள்

நன்னிலத்தில் கம்பளி நூல் கடை வைக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிரித்ததில் அவருக்குப் புரை ஏறிவிட்டது. தலையைத் தட்டிக்கொண்டே, "அடுத்தது என்ன, ஊட்டியில விசிறிக் கடையா?" என்றார். நான் தண்ணீர் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

தஞ்சாவூர்ப் பக்கம் குளிரே கிடையாது என்று நினைப்பவர்கள் தை மாதத்தில் விடியற்காலை வயல் வரப்பில் நின்று பார்த்ததில்லை. அது போக, எந்த ஊரிலும் பிள்ளைகள் பிறந்துகொண்டேதான் இருக்கின்றன. பிறந்த பிள்ளைக்குக் கையால் பின்னிய குல்லா போட்டுப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை? மிஷன் ஹாஸ்டலில் மாலை ஜெபத்துக்கு முன்னால் கட்டாயமாகக் கற்றுக்கொடுத்த வேலை அது. அப்போது வேப்பங்காயாகக் கசந்தது. பிறகு அதுவே எனக்குச் சோறு போட்டது. கடை ஓஹோவென்று ஓடியது என்று சொல்ல மாட்டேன். என் கணவர் வாயை மூடும் அளவுக்கு ஓடியது.

நூல் வாங்கியவர்கள் கடையிலேயே உட்கார்ந்து பின்னக் கற்றுக்கொள்வார்கள். அரை மணி ஆகாது, "உலை வச்சிட்டு வந்தேங்க" என்று ஒருத்தி எழுந்திருப்பாள். அவள் எழுந்தால் மற்றவர்களுக்கும் தங்கள் வீட்டு அடுப்பு ஞாபகம் வந்துவிடும். ஸ்வெட்டரில் ஒரு கை முடிவதற்குள் அதைப் போட வேண்டிய பிள்ளை நடக்க ஆரம்பித்திருக்கும். ஸ்வெட்டர் முடியாவிட்டால் அடுத்த நூல் விற்காது. அதனால்தான் பின்னல் முகாம் என்று ஒன்றை ஆரம்பித்தேன். மூன்று நாள் ஓரிடத்தில் தங்கிப் பின்ன வேண்டியது, அவ்வளவுதான். கடை வாசலில் எழுதி ஒட்டினேன். புதுப் பின்னல்கள் கற்றுத்தரப்படும் என்ற வரியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கடைசியில், 'மூன்று நாளும் அடுப்படிப் பக்கம் வர வேண்டாம்' என்று ஒரு வரியைச் சும்மா சேர்த்திருந்தேன். கூட்டம் அதற்குத்தான். ஊசியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவர்கள்கூடப் பேர் கொடுத்தார்கள்.

முதல் முகாமை வேளாங்கண்ணியில் நடத்தினேன். வேளாங்கண்ணி என்றால் எந்த மதத்துக் கணவரும் மறுபேச்சு இல்லாமல் அனுப்பிவிடுவார். ஆனால் கடற்காற்றில் நூல் பிசுபிசுத்து, மணல் ஒட்டி, பின்னியதெல்லாம் உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டது. அடுத்த முகாமுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தபோது, கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெரிய வீட்டு அம்மா கடைக்கு வந்தார். என்னிடம்தான் பின்னக் கற்றவர். "நம்ம வீட்டுல வச்சுக்குங்களேன். அவரு கேஸ் விஷயமா தஞ்சாவூர் போறாரு" என்றார்.

அந்த வீட்டில் எடுபிடிக்கு ஆட்கள் நிறைய. ஆனால் வீட்டுக்காரர் மனைவி கையால் போட்ட காப்பியைத்தான் குடிப்பார், மனைவி வைத்த குழம்பைத்தான் தொடுவார். "கல்யாணம் ஆனதுலேருந்து நான் அடுப்பு பத்த வைக்காம அந்த வீட்ல பொழுது விடிஞ்சதில்லைங்க. காய்ச்சல்லகூட எந்திரிச்சுப் போட்டிருக்கேன். எனக்கு இந்த மூணு நாள் வேணும்" என்றார் அந்த அம்மா. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணை வைத்திருக்கிற வயது அவருக்கு. பள்ளிக்கூடத்தில் லீவு கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டார். எப்பாடுபட்டாவது அந்த மூன்று நாளை அவருக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கேஸ் என்றால் நில உச்சவரம்புக் கேஸ். சட்டம் வந்தபோது வீட்டுக்காரர் நிலத்தைப் பிரித்து உறவுக்காரர்கள் பேரிலெல்லாம் எழுதிவைத்தார். ஆட்சி மாறும்போதெல்லாம் அவர் வேட்டியின் கரையும் மாறும், நிலம் மட்டும் மாறாமல் அவரிடமே இருக்கும். வீட்டுக்கு நேர் எதிரே இருந்த பெரிய வயல் இந்த அம்மாவின் பேரில் இருந்தது. "கையெழுத்துப் போடுன்னாரு, போட்டேன்" என்பார். அந்த வயலின் வரப்பில் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

முகாமின் முதல் நாள் காலை நாங்கள் எட்டுப் பேரும் கூடத்தில் ஊசியும் கையுமாக உட்கார்ந்தோம். ஆசிரியைகள், நாகப்பட்டினம் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, வீட்டுக்கார அம்மா, நான். அன்றைக்குத்தான் எதிர் வயலில் செங்கொடி நட்டார்கள். அறுப்புக் கூலி நெல்லை உயர்த்திக் கொடுக்காவிட்டால் அரிவாளைத் தொட மாட்டோம் என்று ஆட்கள் வீட்டு வாசலுக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டில் வேலை செய்த பெண்களும் அந்த ஆட்களின் வீட்டுப் பெண்கள்தான். அவர்களும் வரவில்லை. முகாமுக்கென்று நான் திருவாரூரில் பேசி வைத்திருந்த கல்யாணச் சமையல்காரர் பஸ்ஸை விட்டு இறங்கினார். கொடியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கரண்டிப் பையோடு அதே பஸ்ஸில் ஏறிவிட்டார்.

ஆக, சமையலுக்கு ஆள் இல்லை. பத்தாயத்தில் நெல், பானையில் அரிசி, கொல்லையில் காய், எட்டுப் பேரும் எட்டு ஊர்களில் பேர் வாங்கிய சமையற்காரிகள். ஆனால் ஒருத்தரும் அசையவில்லை. முதலில் எழுந்து போகிறவள் மூன்று நாளும் அங்கேயேதான் கிடக்க வேண்டும் என்பது எட்டுப் பேருக்கும் தெரியும். குனிந்த தலை நிமிராமல் பின்னினோம். வாழ்நாளில் நான் அவ்வளவு சுறுசுறுப்பான வகுப்பை நடத்தியதில்லை. நியாயமாக நான்தான் எழுந்திருக்க வேண்டும். ஆனால் நான் போனால் அந்த அம்மா பின்னாலேயே வந்துவிடுவார். கூடத்தில் இருந்த வாழைப்பழச் சீப்பு தீர்ந்தது. வயிறு இரையும் சத்தத்தை மறைக்க ஆளாளுக்கு இருமினோம்.

உச்சி வேளையில் எதிரேயிருந்து வாசனை வந்தது. போராட்டக்காரர்கள் கஞ்சித் தொட்டி திறந்திருந்தார்கள். நொய்க் கஞ்சி, சுட்ட கருவாடு, மிளகாய்த் துவையல். நர்ஸ்தான் முதலில் ஊசியைக் கீழே வைத்தாள். கேட் வரைக்கும் போனாள். நானும் பின்னாலேயே போனேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு வாட்டசாட்டமான ஆள் தொட்டியைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"உள்ள சமையல் இல்லைங்களா?" என்றார்.

"இல்லைங்க. எங்க சமையல்காரர் உங்களப் பாத்துப் பயந்து ஓடிட்டாரு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தொட்டி பசிச்சவங்களுக்குத்தாங்க. ஏனம் எடுத்துட்டு வாங்க."

அந்தக் கஞ்சி எந்தத் தெருக் கைகள் காய்ச்சியது என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வேதக்கோயிலிலேயே சாதிக்கொரு பெஞ்சு பிரித்து உட்கார்ந்தவர்கள் நாங்கள், அதனால் நான் யாருக்கும் புத்தி சொல்லப் போவதில்லை. ஒரு ஆசிரியை எனக்குப் பசியில்லை என்றார். மற்றவர்கள் வீட்டுக்கார அம்மாவின் முகத்தைப் பார்த்தோம். அவரை எதிர்த்துக் காய்ச்சிய கஞ்சியல்லவா அது. அவர் வெண்கலக் கிண்ணத்தைக் கேட் வரைக்கும் எடுத்துவந்து நீட்டினார்.

"என் பேர்ல இருக்கிற நிலத்துல வேலை செய்யறவங்க கஞ்சிய நான் குடிக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, நின்றபடியே குடித்தார். பிறகு இன்னொரு கிண்ணம் கேட்டார். பசியில்லாத ஆசிரியைக்குச் சாயங்காலம் கருவாடு சுட்டபோது பசி வந்தது.

சும்மா சாப்பிடுவது எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. "பதிலுக்கு என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். "ராத்திரியெல்லாம் இங்கதாங்க படுக்கறோம். தலையில பனிதான் தாங்கல" என்றார் தொட்டிக்காரர். என்னிடம் இருந்ததோ ஒரே நிறம். லூதியானாவிலிருந்து அரக்கு நிற நூல் கேட்டிருந்தேன், மூட்டை முழுக்கப் பிறந்த குழந்தைக்குப் போடுகிற ரோஸ் வந்து இறங்கியிருந்தது. விற்காத சரக்கை முகாமில் தள்ளிவிடலாம் என்றுதான் தூக்கி வந்திருந்தேன். நர்ஸ் டேப்பை எடுத்துக்கொண்டு கேட் கம்பி வழியாகவே ஒவ்வொரு தலையாக அளந்தாள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் காது மறைக்கும் குரங்குக் குல்லாக்கள் வரிசையாகத் தயாராகிவிட்டன. முறுக்கு மீசைக்கு மேலே ரோஸ் குல்லாவோடு அவர்கள் முழக்கம் போட்டதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் விடியாததுமாக வீட்டுக்காரரின் கார் வந்து நின்றது. நாளைக்குத்தான் வருவார் என்று இருந்தோம். அவர் தலையிலும் ஒரு குரங்குக் குல்லா இருந்தது, காப்பிக் கொட்டை நிறத்தில். அந்த அம்மா போன வருடம் பின்னிக் கொடுத்தது. எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் அவர் இடது காதுப் பக்கம் நாலு வரிசை குறைத்துத்தான் முடிப்பார். வீட்டுக்காரர் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். சில குல்லாக்களில் இடது காது வெளியே தெரிந்தது. அவர் கை தானாகத் தன் இடது காதைத் தடவியது.

கூடத்துக்குள் வந்தவர், "நம்ம நிலத்துல வேலைநிறுத்தம் பண்றவனுக்கு நீ குல்லா பின்னிக் குடுத்தியா?" என்றார்.

அந்த அம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நிலம் என் பேர்லதாங்க இருக்கு. கோர்ட்லயும் அப்படித்தானே சொல்லிட்டு வந்திருப்பீங்க?"

எங்கள் எட்டு ஜோடி ஊசிகளும் நின்றன. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் நூல் கண்டைப் பார்த்தேன். தலையிலிருந்த குல்லாவைக் கழற்றிக்கொண்டே, "சரி, காப்பி போடு" என்றார்.

"சாயங்காலம் வரைக்கும் முகாம் இருக்குங்க. எதிர்ல கேட்டுப் பாருங்க, டீ நல்லாவே போடறாங்க."

கூலி விவகாரம் பின்னால் தாலுகா ஆபீஸில் ஆட்கள், நிலக்காரர்கள், அதிகாரிகள் என்று மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசித்தான் முடிந்தது, கேட்டதில் பாதி கிடைத்தது. எங்கள் ஊசிகளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் சொல்ல வந்தது அந்தக் காப்பியைப் பற்றி.

வீட்டுக்காரர் எதிரே போகவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனார். டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. தீப்பெட்டி பல தடவை உரசியது. பிறகு பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீயும் நாற்றம் வந்தது. பழக்க தோஷம், நாங்கள் ஏழு பேரும் பாதி எழுந்துவிட்டோம். அந்த அம்மா எழவில்லை. பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் ஊசியில் ஒரு கண்ணியும் நழுவவில்லை. நாங்கள் மறுபடி உட்கார்ந்தோம்.

கடைசியில் அவர் வேட்டியெல்லாம் பால் தெறிக்க ஒரு டம்ளரோடு வெளியே வந்தார். அப்போதுதான் அந்த அம்மா தலையைத் தூக்கினார்.

"ஒரு டம்ளர்தான் போட்டீங்களா? நாங்க எட்டுப் பேர் இருக்கோம்."

அவர் எங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே போனார். காப்பி வருவதற்கு வெகு நேரம் ஆனது. தீய்ந்த வாடை, சர்க்கரை மட்டு, வாயில் வைக்க முடியவில்லை. எட்டுப் பேரும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தோம்.