புவனாவுக்கு பிரான்சில் ஒரு வீடு

எங்கள் தெருமுனையில் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கிறார்கள். கழற்றிய ஓடுகள் சாலையோரம் அடுக்கியிருக்கின்றன. ராத்திரி மழையில் நனைந்து அவை கிளப்பிய வாசனை, பால் வாங்கப் போன என்னை அப்படியே நிறுத்திவிட்டது. ஞாபகத்துக்கு வந்தது எது தெரியுமா? பிரான்சில் இருக்கிற ஒரு குட்டி ஊர். சிரிக்காதீர்கள். நான் சென்னையைத் தாண்டிப் போனதில்லை. அந்த ஊருக்கு என்ன வாசனை என்றுகூடத் தெரியாது. ஓட்டின் நிறம் மட்டும்தான் தெரியும்.

அதை எனக்குக் காட்டியது, காலேஜ் முடித்த கையோடு சேர்ந்த முதல் வேலை. திண்டிவனம் ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மேலே ஒற்றை அறை, வரிசையாகக் கம்ப்யூட்டர். வெளிநாட்டு வரைபடக் கம்பெனிக்காக, வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வீடு, ரோடு, ஆறு என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். சந்தேகம் வந்தால், கேமரா கட்டிய கார் தெருவில் போகும்போது எடுத்த படங்களைத் திறந்து பார்க்கலாம். எனக்கும் பக்கத்து நாற்காலி புவனாவுக்கும் அந்த ஊர் வந்தது. பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் தேடிப் பார்ப்பீர்கள், எனக்குப் பொறாமையாக இருக்கும்.

மூன்று பக்கமும் ஆறு அரிவாள் மாதிரி வளைந்து ஓடும். ஒரு கல் பாலம். மேட்டில் தேவாலயம், அதை ஒட்டியே கல்லறைகள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுடன் ஒரே ஒரு தெரு, பிறகு கோதுமை வயல்தான். சதுக்கத்தில் போரில் செத்தவர்களுக்கு ஒரு கல் தூண். பெரிதாக்கிப் பார்த்தால் ஒரே குடும்பப் பெயர் வரிசையாக நாலு தடவை வரும். அதைப் பார்த்த அன்று என்னால் வேறு எதையும் வரைய முடியவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் எந்தச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதிருப்பார்கள் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

தெருவில் ஆளே இருக்காது. ரொட்டிக் கடை ஷட்டர் இறங்கியே கிடக்கும்.

“இன்னாடி இது, ஊரா? இல்ல பந்த் நாள்ல போட்டோ புடிச்சானுங்களா?” என்பாள் புவனா.

புவனா பக்கத்தில் இருக்கிற அனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள். ஆற்றங்கரையில் ஊர்ப் பெண்கள் அந்தக் காலத்தில் துணி துவைத்த தொட்டி ஒன்று, மேலே அழகாக ஓட்டுக் கூரையுடன் இருக்கும். “பாருடி, தொவைக்கிற தொட்டிக்குக் கூரை! எங்கம்மா மண்ட காய வெயில்ல நின்னு தொவைக்குது” என்று ஆதங்கப்பட்டு, அதன் பக்கத்திலேயே நீலச் சன்னல் வைத்த வீடு ஒன்றைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். நான் தேவாலயத்துக்குப் பக்கத்து வீடு. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு, “கெளம்பிட்டியா? நான் தொட்டிகிட்ட நிக்கறேன்” என்பாள். நான் மௌஸால் சரிவில் இறங்கிப் போவேன்.

“ஊர் சுத்தவாம்மா சம்பளம்?” என்பார் சூப்பர்வைசர் அண்ணன்.

பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் காலத்தில் எங்கள் ஊர் மலைக்கோட்டையைக் கொஞ்ச காலம் பிடித்துவைத்திருந்தார்கள் அல்லவா, நாங்கள் அவர்கள் ஊரை ஒன்பதரையிலிருந்து ஆறு வரை பிடித்துவைத்திருந்தோம். அவ்வளவுதான் கணக்கு.

தை பிறந்ததும் புவனாவுக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. கடைசி நாள் பையை மாட்டிக்கொண்டு, “என் வூட்டப் பாத்துக்கடி. வாடகைக்கு வுட்டுடாத” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான்தான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அவளை விட்டால் வேறு சிநேகிதி இல்லை. அவள் நாற்காலியில் யாரோ ஹெல்மெட் வைக்க ஆரம்பித்தார்கள். போன் தினமும் என்றிருந்தது வாரம் என்றாகி, பிறகு பண்டிகைக்கு என்றானது. ஆனாலும் காலையில் சிஸ்டத்தைப் போட்டதும் முதலில் நீலச் சன்னல் வீட்டைப் பார்த்துவிடுவேன். அது இருக்கிற வரைக்கும் அவளும் எங்கேயும் போய்விடவில்லை என்று ஒரு நினைப்பு.

அடுத்த வருஷம் புதுப் படங்கள் வந்தன. அந்த வீட்டின் கூரை உள்வாங்கி விழுந்திருந்தது. எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. கூரை இல்லாதது கட்டடம் இல்லை, அழித்துவிட வேண்டும்.

“அண்ணா, நம்ம கோட்டைல கூரை இல்லாத கட்டடம் எத்தன இருக்குது! அதெல்லாம் இல்லன்னு சொல்லுவீங்களா?”

“அது டிக்கெட் வாங்கிப் பாக்கற எடம்மா. இத எவன் டிக்கெட் வாங்கிப் பாப்பான்? சாயங்காலத்துக்குள்ள எடுத்துடு.”

படியில் இறங்கி, உரமூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று புவனாவுக்குப் போன் போட்டேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேலே போய்ச் சண்டை போடத் தயாராக இருந்தேன்.

“புவனா, பிரான்சுல உன் வூடு இருக்குதுல்ல, கூரை விழுந்துடுச்சுடி. அழிக்கச் சொல்றாரு.”

“எந்த வூடு?”

“நீலச் சன்னல். தொட்டிகிட்ட.”

ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தினாள். “ஐயோ, அதுவா! இன்னுமா அதயே பாத்துக்கினு இருக்க? அழிச்சுட்டுப் போடி, டென்ஷன் ஆவாத. சாப்டியா? இரு, பால் பொங்குது, அப்பறம் பேசறேன்.”

மேலே வந்து அழித்தேன். ஒரு கிளிக். அந்த இடத்தில் புல்லின் பச்சை வந்து மூடிக்கொண்டது.

இப்போது கோடு இழுப்பதை மெஷினே செய்துவிடுகிறதாம். எங்கள் அறையையும் காலி செய்துவிட்டார்கள். நான் கவர்மெண்ட் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிப்பு ஓடாத மத்தியானங்களில் அந்த ஊரை மொபைலில் திறப்பேன். பாலம், தெரு, ஆறு எல்லாம் இருக்கின்றன. சரிவில் கொஞ்ச தூரம் இறங்கிவிட்டுத் திரும்பிவிடுவேன். அந்த ஊரில் இப்போது எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.