அப்பா திறக்கும் குழாய்கள்

அப்பாவுக்கு ஞாபகம் பிசகுவது முதலில் குழாயில்தான் தெரிந்தது. சமையலறைக் குழாய், பாத்ரூம் குழாய் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு வாசல் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வார். கேட்டால், "தண்ணி வந்தா சத்தம் கேக்கும்மா" என்பார். பின்னால் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்.

அவர் சொல்வதில் தப்பில்லை. ஸ்ரீராம்புரத்தில் நான் வளர்ந்த வீட்டில் அப்படித்தான். தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. குழாயைத் திறந்து, அடியில் வெறும் குடத்தை வைத்துவிடுவோம். முதலில் குழாய் காற்றைத் துப்பும், பிறகு குடத்தில் தண்ணீர் விழும். அந்தச் சத்தத்துக்கு முதலில் எழுந்து ஓடுகிறவர் அப்பா. எல்லாக் குடத்தையும் நிரப்பிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். மற்றதெல்லாம் மறந்த பிறகும் இந்தப் பழக்கம் மட்டும் விடவில்லை. காதுதான் இப்போது சரியாகக் கேட்பதில்லை.

இன்று அதே பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். நான்கு குடித்தனம், மாடியில் ஒரே டேங்க். நானும் கணவரும் பீன்யாவுக்கு வேலைக்குப் போய், பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்விட்டால் பகல் முழுக்க அப்பா தனி. நாங்கள் திரும்புவதற்குள் டேங்க்கைக் காலி செய்துவிடுவார். மேல் வீட்டில் பிள்ளை பெற்று வந்திருக்கும் பெண், குழந்தையைக் கழுவ ஒரு சொம்பு தண்ணீருக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போனாளாம். கீழே குடியிருக்கும் ஓனரம்மா படியேறி வந்து கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"ஏனம்மா இது? மோட்டார் போடப் போட டேங்க் காலி. பெரியவராச்சேன்னு பொறுத்துக்கிட்டேன். இன்னொரு வாட்டி ஆச்சுன்னா வேற வீடு பாத்துக்கோங்க. சும்னே சொல்லல."

அந்தம்மாவைத் திட்ட ஆசைதான், வாய் வரவில்லை. இந்தக் கோடையில் வேறு யாராக இருந்தாலும் எப்போதோ சாமான்களை வெளியே வைத்திருப்பார்கள். இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு வீடு தேடினால் எங்களுக்கு யார் கொடுப்பார்கள்?

மறுநாளிலிருந்து, எங்கள் வீட்டுக்கு இறங்கும் பைப்பின் வால்வை மாடியில் மூடிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். அப்பாவுக்காகக் குடத்திலும் வாளியிலும் தண்ணீர் நிரப்பி, பக்கத்திலேயே டம்ளரும் வைத்தேன். சாயங்காலம் வந்தால் குழாய்கள் திறந்தே கிடக்கும், ஆனால் ஒரு சொட்டு வீணாகியிருக்காது. குடம் வைத்தது வைத்தபடி இருக்கும். அப்பாடா என்றிருந்தது. குடம் ஏன் குறையவில்லை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அந்த வாரமே அப்பா மயங்கி விழுந்தார். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்றார். வீட்டுக்கு வந்து டம்ளரை நீட்டினேன். தள்ளிவிட்டார்.

"வேணாம்மா. குழாயில தண்ணியே வர்றதில்ல. பசங்களுக்கு வெச்சிடு."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது எனக்கு. மாடிக்கு ஓடி வால்வைத் திறந்தேன். அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாய்க்கடியில் நீட்டினேன்.

"பாருப்பா, வருது பாரு. வேணுங்கிற அளவுக்குக் குடி!"

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் குடிக்கவில்லை. குண்டான், குக்கர், பிள்ளைகளின் பாட்டில் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் இழுத்து நிரப்பினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்து வெகுநாளாயிற்று. எல்லாம் நிரம்பியதும் மறுபடி டம்ளரைக் கொடுத்தேன். அதை அப்படியே குடத்துக்குள் ஊற்றினார்.

"நாளைக்கு விடறாங்களோ என்னமோ" என்றார்.

அதற்குப் பிறகு காலையிலும் சாயங்காலமும் கெஞ்சியும் திட்டியும் ஸ்பூனால் புகட்டுகிறேன். பகலில் புகட்ட ஆளில்லை. வால்வைத் திறந்து வைத்தால் எல்லோரும் தெருவில் நிற்க வேண்டும். மூடினால் அப்பா நா வறண்டு கிடப்பார்.

இன்று காலையும் மாடிக்குப் போய் வால்வை மூடினேன். இறங்கி வந்தபோது அப்பா குழாயைத் திறந்து வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"நீ கவலப்படாம வேலைக்குப் போம்மா. வந்தா நான் புடிச்சி வெக்கிறேன்" என்றார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.