வரிசையில் கடைசி ஆள்

எங்கள் குடும்பத்தில் பேய், பிசாசு என்று பேசுகிற வழக்கம் இல்லை. என் தகப்பனார் தாம்பரத்தில் ஆயுள் முழுக்கச் சபை உபதேசியாராக இருந்தவர். நான் ரயில்வேயில் வேலை பார்த்தவன். ஒன்றை இப்படித்தான் நடந்தது என்று சொன்னால் பிறகு மாற்றிச் சொல்ல மாட்டேன். கீழே எழுதியிருப்பதில் ஒரு வரிகூட நான் சேர்த்தது இல்லை. நம்ப மனமில்லாதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு வருத்தமில்லை.

1989, ஜனவரி. பொங்கல் முடிந்த வாரம். என் மகள் புஷ்பத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சுந்தர்சிங், ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு தடவை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை அந்த ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலை பள்ளிக்கரணைக் கழுவெளிச் சதுப்பில் பறவை பார்க்கப் போகிறேன், புஷ்பத்தையும் அனுப்புங்கள் என்று மாப்பிள்ளை கேட்டார்.

கல்யாணத்துக்கு முன் பெண்ணைத் தனியாக அனுப்புவது எங்கள் வீட்டில் கிடையாது. நானும் வருவேன் என்றேன்.

"அது ஒண்ணும் சினிமா கொட்டகை இல்லப்பா. சேறு" என்றாள் புஷ்பம்.

சேறாக இருந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல் பஸ் பிடித்து மேடவாக்கம் தாண்டி இறங்கினோம். வெளிச்சம் சரியாக வரவில்லை. ரோட்டுக்குக் கீழே கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீரும் கோரையும். அதன்மேல் பனி. நடுவில் ஒரு ஆள் மட்டும் நடக்கக்கூடிய மண் மேடு ஒன்று உள்ளே போனது.

முனிரத்தினம் என்று ஒரு நண்பரும் வருவதாக இருந்தார். பக்கத்து ஊர்க்காரர். அவரைக் காணோம். நேரமானால் பறவைகள் கலைந்துவிடும், அவன் பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்வான் என்றார் மாப்பிள்ளை.

உள்ளே போனதும் பேசக் கூடாது. அதற்குப் பதில் ஒரு முறை வைத்திருந்தார். வலப்பக்கம் பறவையைக் கண்டால் முன்னால் போகிறவரின் வலது தோளைத் தட்ட வேண்டும். இடப்பக்கம் என்றால் இடது தோள். தட்டு வாங்கியவர் அதைத் தனக்கு முன்னால் இருப்பவருக்குத் தட்ட வேண்டும். இப்படி வரிசை முழுக்கச் சேதி போய்விடும். சத்தமே இருக்காது.

முதலில் மாப்பிள்ளை. அடுத்து புஷ்பம். கடைசியில் நான். அந்த இடத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால்தான் இரண்டு பேரும் கண்ணில் படுவார்கள்.

சிறிது தூரம் போயிருப்போம். என் வலது தோளில் யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.

முனிரத்தினம் வந்துவிட்டார் என்று நினைத்தேன். சொன்ன நேரத்துக்கு வராதவர்களை எனக்குப் பிடிக்காது. வந்தவர், வயதில் பெரியவனான என் முன்னால் வந்து ஒரு வணக்கம் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஆகவே நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

வலப்பக்கம் பார்த்தேன். கோரைக்குள் ஒரு நீலத் தாழைக்கோழி. சிவந்த மூக்கு. புஷ்பத்தின் தோளைத் தட்டினேன். அவள் மாப்பிள்ளையைத் தட்டினாள். அவர் திரும்பாமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அடுத்து இடது தோள். சேற்றோடு சேறாக ஓர் உள்ளான் பதுங்கி உட்கார்ந்திருந்தது. நானாக இருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டேன். ஆளுக்கு நல்ல கண் என்று நினைத்தேன். கோபம்கூடக் கொஞ்சம் தணிந்தது.

அப்போதுதான் கவனித்தேன்.

சளக்... சளக்... மாப்பிள்ளையின் கால் சத்தம் கேட்டது. புஷ்பத்தின் கால் சத்தம் கேட்டது. என்னுடையதும் கேட்டது. எனக்குப் பின்னால் சத்தமே இல்லை.

தட்டு விழுந்த இடத்தில் சட்டை ஈரமாக இருந்தது. பனி என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பனி தோளில் மட்டும் இறங்குமா?

மணி ஆறரை.

மறுபடி இடது தோள். பார்த்தேன். பறவை இல்லை. பச்சை படர்ந்த தண்ணீர் மட்டும் அசையாமல் கிடந்தது.

மீண்டும் இடது தோள். மீண்டும். இந்தத் தடவை மெதுவாக இல்லை.

முறை முறைதானே. புஷ்பத்துக்குத் தட்டினேன். அவள் அவருக்குத் தட்டினாள். மாப்பிள்ளை நின்றார். பைனாகுலரை வைத்து இடப்பக்கம் பார்த்தார். பிறகு மேட்டிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார். அடுத்த காலையும்.

புஷ்பமும் அவர் பின்னால் இறங்கப் போனாள்.

அந்தக் கணம் என் இரண்டு தோள்களும் அழுத்தப்பட்டன.

இரண்டு கைகள். சின்னக் கைகள். ஆனால் அந்தப் பாரம்...

நில் என்கிறார் போலும் என்று எடுத்துக்கொண்டேன். என் இரண்டு கைகளையும் புஷ்பத்தின் தோள்களில் வைத்து அழுத்தினேன். அவள் நின்றாள்.

முன்னால் 'தொபுக்' என்று ஒரு சத்தம்.

மாப்பிள்ளை இடுப்பு வரை சேற்றில் இருந்தார்.

"மாமா, கை குடுங்க."

நகர நினைத்தேன். முடியவில்லை.

"அப்பா, விடுங்க. அவர் முழுகுறாரு."

என் கைகள் அவள் தோளை விட்டு வரவில்லை. என் தோள்மேல் இருந்த கைகளும் எடுக்கப்படவில்லை.

என் பிடரியில் தண்ணீர் சொட்டியது.

சொட்...

சொட்...

சேறு அவர் மார்புக்கு வந்துவிட்டது.

தூரத்தில் ரோட்டுப் பக்கம் சைக்கிள் மணி. ஒரு குரல்.

"சிங்கு, ஆடாம இரு. தோ வந்துகினே கீறேன்."

முனிரத்தினம்.

முனிரத்தினம் இப்போதுதான் வருகிறார் என்றால்...

பாரம் சட்டென்று விலகியது. திரும்பினேன்.

பனி. மேடு. எங்கள் மூவரின் கால் தடம். வேறு ஒன்றும் இல்லை.

முனிரத்தினம் சைக்கிள் கேரியரில் இருந்த கயிற்றை வீசி அவரை இழுத்துப் போட்டார். நானும் பிடித்தேன். உயிர் பிழைத்தார்.

ரோட்டோர டீக்கடைக்கு வந்தோம். புஷ்பம் குழாயடியில் கால் கழுவப் போனாள். என்மேல் அவளுக்கு ஆத்திரம். நடந்ததை மாப்பிள்ளையிடம் சொன்னேன். பிரமை மாமா என்று அவர் சிரித்திருந்தால் நானும் அதோடு விட்டிருப்பேன். அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டு தோளையுமா?" என்று கேட்டார். குழாயடிப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "புஷ்பத்துகிட்ட சொல்லிடாதீங்க மாமா."

அது எனக்குப் பிடிக்கவில்லை. முனிரத்தினத்தைத் தனியே அழைத்துக் கேட்டேன். அவர் முதலில் மழுப்பினார். என் மகளைக் கொடுக்கப் போகிறேன், மறைக்காதே என்றேன். அதன் பிறகு சொன்னார்.

"தோளத் தட்ற முறையே நாகலக்ஷ்மி கொண்டாந்தது சார். கீழ்க்கட்டளப் பொண்ணு. ரெண்டு வருசமா சிங்கு கூட வந்துகினு இருந்துச்சு. போன ஜனவரில இவங்க ரெண்டு பேரு மட்டுந்தான் உள்ள போனாங்க. சிங்கு மட்டும் ரோட்டுக்கு ஓடியாந்தான். அது வழுக்கி வுழுந்துடுச்சுன்னு அழுதான்."

எந்த இடம் என்றேன். அவர் இன்று கயிறு வீசிய இடத்தையே கையால் காட்டினார்.

"குள்ளம் சார் அது. எப்பவும் கடைசிலதான் வரும். எம்பி எம்பித் தட்டும்."

இரண்டு தோளையும் அழுத்தினால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். நில் என்றா?

முனிரத்தினம் விழித்தார்.

"ரெண்டு தோளா? அப்டி ஒரு சைகையே எங்ககிட்ட இல்ல சார்."

அன்று சாயங்காலமே சபைப் போதகரான ஐயரிடம் போய் மூன்றாவது ஓலையை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. சாட்சி இல்லாமல் ஒருவர் பெயரைக் கெடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. சபையில் கண்டபடி பேசினார்கள். பெண்ணுக்கு ஏதோ குறை என்றார்கள். புஷ்பம் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. என் குடும்பத்து மானத்தை நானே தெருவில் போட்டுவிட்டதாக என் தம்பியே முகத்துக்கு நேரே சொன்னான். கேட்டுக்கொண்டேன்.

நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒரு மத்தியானம் கீழ்க்கட்டளைக்குப் போய் நாகலக்ஷ்மியின் தாயார் கங்கம்மாவைப் பார்த்தேன். என் மகளைக் கேட்டு வந்த வரன் சுந்தர்சிங்தான் என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மாள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மகளைக் கடைசியாகக் குளிப்பாட்டியது அவர்தான். அப்போது பார்த்ததை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். சேற்றிலிருந்து தூக்கும்போது பட்ட காயமாக இருக்கும் என்று சொல்லி அவர் வாயை அடக்கிவிட்டார்களாம்.

"ரெண்டு தோள்லயும் வெரலு பதிஞ்சு கன்னிப்போயிருந்துச்சுங்க. முன்னால நாலு நாலு. முதுகுப் பக்கம் கட்டை வெரலு. பின்னால நின்னு அமுக்குன மாதிரி."

அவர் தன் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆனா அவள இடுப்புல கயிறு கட்டித்தாங்க தூக்குனாங்க. தோள ஒருத்தரும் தொடல."