தீவுக்குப் பின்னால் நின்ற வள்ளம்

முதலில் வந்தது இருமல் அல்ல, இடது விலாவில் ஒரு குத்து. ஆழமாக மூச்சு இழுத்தால் குத்தும், சிரித்தால் குத்தும், தும்மினால் உயிரே போகும். தேயிலைக் கொழுந்து எடுக்கும் எங்களிடம் இதற்கு ஒரு பெயர் தயாராக இருந்தது: கூடை வலி. தலையில் பட்டையை மாட்டி முதுகில் தொங்கவிடும் கூடை, நிறைய நிறைய ஒரு பக்கம் சாயும். சாயும் பக்கத்து விலா வலிக்கும். இடுக்கி மலையில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தன் கூடை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்வாள். என்னுடையது இடது பக்கம். பிறகென்ன, டாக்டருக்கு இதில் வேலையில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

கூடைக்கும் முதுகுக்கும் நடுவே சாக்கை மடித்து வைத்தேன். பட்டையை இழுத்துக் கட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் முத்தையா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார். பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கும் பேச்சி, "ஏட்டி, ஒனக்குக் கூடைய மாத்துனா போதாது, முதுகையே மாத்தணும்" என்றாள். சிரித்தேன், குத்தியது. நிரை என்பது ஒருத்திக்கென்று ஒதுக்கும் செடி வரிசை. மலைச்சரிவில் கீழிருந்து மேலே எடுத்துக்கொண்டே ஏற வேண்டும்.

சாயங்காலக் காய்ச்சலுக்கு மலைக்குளிர் என்று பெயர் வைத்தேன். உடம்பு இளைத்ததற்கு வேலை என்று பெயர் வைத்தேன். இதைப் படிக்கிற உங்களிடமும் ஒரு வலி இருந்து, அதற்கு வீட்டிலேயே ஒரு பெயர் கிடைத்திருந்தால், தயவுசெய்து அந்தப் பெயரை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஒரு நாள் பாதி நிரையில் மூச்சு ஏறாமல் செடியின்மேலேயே சாய்ந்துவிட்டேன். பேச்சிதான் கத்தி ஆள் கூப்பிட்டாள்.

எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர் பாலக்காட்டுக்காரர். மலையாளமும் தமிழும் அவர் வாயில் ஒன்றாகவே வரும். என் முதுகில் விரலை வைத்துத் தட்டினார். வலது பக்கம் காலிப் பானைபோல் ஒலித்தது. இடது பக்கம் நிறைந்த பானைபோல் மொத்தென்று கேட்டது.

"கூடையுமில்ல, ஒண்ணுமில்ல. இவிட நீர் கெட்டியிருக்கு" என்றார்.

எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. ப்ளூரசி (நுரையீரலை மூடியிருக்கும் உறை அழற்சியாகி அதற்குள் நீர் கோத்துக்கொள்வது). காரணம் டி.பி. (காசநோய்). அந்த இரண்டு எழுத்தைக் கேட்டதும் முத்தையா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பொழச்சிருவாளா சார்?"

"மருந்த நடுவுல நிறுத்தாம சாப்பிட்டா பொழைக்கும். பேடிக்கண்டா."

பயப்படாதே என்று அவர் சொன்னது புரிந்தது. ஆனால் பயந்தேன். நன்றாகவே பயந்தேன்.

முதுகில் ஊசி குத்தி நீரை எடுத்தார்கள். கண்ணாடிக் குப்பியில் வெளிர் மஞ்சளாக, ஆறிப்போன லேசான கட்டன் சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் இருந்தது. பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, மாத்திரை, வாயில் வைத்தாலே குமட்டும் ஒரு பொடி. ஊசியால் காது இரைந்தது, நடந்தால் தரை சாய்ந்தது. டாக்டரிடம் சொன்னதும் அளவைக் குறைத்தார். உங்களுக்கும் அப்படி ஆனால் மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல் விட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். மருந்தை விட்டுவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. முத்தையா தினமும் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் நிற்பார். நான் முழுங்கும்வரை நகரமாட்டார். மனுஷன் தொல்லை தாங்காமல்தான் பாதி நாள் முழுங்கினேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் போனது. கிருமி போய்விட்டது, தழும்பு நின்றுவிட்டது. உறை தடித்து ஒட்டிக்கொண்டதால் இடது நுரையீரல் பழையபடி விரியாது என்றார் டாக்டர். என்னைப் பிள்ளைமடுவத்தில் (வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) ஆயாவாகப் போட்டார்கள். நல்ல வேலைதான். ஆனால் காலையில் பெண்கள் வள்ளத்தில் ஏறி, தாங்களே துடுப்புப் போட்டு, அணைத் தண்ணீரைத் தாண்டி மேல்காட்டுத் தேயிலைச் சரிவுக்குப் போவதை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது அழுகை வரும். எனக்கு என் நிரை வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"நீ துழைஞ்சு போகணும், கயறணும், சுமக்கணும். மூச்சு போனா திரும்பி வருமான்னு எனக்குத் தெரியணுமே" என்றார். துழைவது என்றால் துடுப்புப் போடுவது, கயறுவது என்றால் மலை ஏறுவது.

"அப்ப வள்ளப் போட்டியில பாருங்க சார். நீங்கதான கரையில மருந்துப் பெட்டியோட உக்காந்திருப்பீக?"

எமர்ஜென்சி முடிந்த சமயம் அது. எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்த சின்னத் துரை (துணை மேலாளர்) ஒரு கயாக் (ஒருவர் மட்டும் கால் நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லிப் படகு) வைத்திருந்தார். அவரும் அவருடைய சிநேகிதர்களும் அணைக்கு நடுவில் இருக்கும் தீவைச் சுற்றிப் போட்டி போட, அதைப் பார்த்து லயத்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) ஜனங்களும் வள்ளங்களை இறக்கிவிட்டார்கள். வள்ளத்துக்கு இரண்டு பேர். ஒருவர் துடுப்பு, ஒருவர் பின்னால் உட்கார்ந்து திசை திருப்ப வேண்டும். நடுவில் கை மாறக்கூடாது.

டாக்டர் விரலை நீட்டிச் சொன்னார்: "குத்தினா நிக்கணும். மூச்சு முட்டினா நிக்கணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். வேறென்ன சொல்வேன்?

போட்டியன்று முதலில் கயாக்குகள் போய் வந்தன. ஒரு துரை தண்ணீரில் கவிழ்ந்து தொப்பலாக எழுந்ததில் எங்கள் ஆட்களுக்கு ஏகக் குஷி. பிறகு எங்கள் முறை. நான் துடுப்பில், முத்தையா எனக்கு எதிரே பின்பலகையில். பக்கத்து வள்ளத்தில் பேச்சியும் அவள் வீட்டுக்காரரும். அங்கேயும் துடுப்பு அவள் கையில்தான்.

விசில் ஊதியதும் நன்றாகத்தான் தொடங்கினேன். பிறகு கண் பேச்சி பக்கம் போனது. கொழுந்து எடுப்பவளின் கெட்ட பழக்கம் இது. கை தன் செடியில் இருக்கும், கண் பக்கத்து நிரையில் இருக்கும். அவள் ஒரு செடி முன்னால் போனால் நம் கை தானாக வேகமெடுக்கும். பேச்சி ஒரு இழுப்பு இழுத்தால் நான் ஒன்றரை இழுத்தேன். தீவின் முனை திரும்புகிறவரை சமமாகவே போனோம்.

திரும்பியதும் விலாவில் குத்தியது. அந்தப் பழைய குத்து. மூச்சு பாதி வழியில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றது. கண் இருட்டியது. பேச்சியின் வள்ளம் தாண்டியது, அதற்குப் பின்னால் வந்தவையும் தாண்டின.

தீவின் அந்தப் பக்கத்தில் கரையும் தெரியாது, கரையில் இருப்பவர்களுக்கு நாங்களும் தெரியமாட்டோம். முத்தையா முன்னால் குனிந்தார்.

"ஏ புள்ள, துடுப்ப இங்க குடு. திரும்புற எடத்துல திரும்பத் தாரேன். ஒருத்தனுக்கும் தெரியாது."

ஆசையாகத்தான் இருந்தது. கொடுத்தால் வரிசையோடு போய்ச் சேரலாம், டாக்டர் தலையாட்டிவிடுவார். ஆனால் மேல்காட்டுச் சரிவில் யார் எனக்கு மூச்சு விடுவது?

"வேண்டாங்க. சும்மா இருங்க."

துடுப்பைத் தண்ணீரைவிட்டுத் தூக்கி மடியில் வைத்தேன். வள்ளம் மெல்ல மிதந்தது. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து விடச் சொல்லியிருந்தார் டாக்டர். அப்படியே செய்தேன். முத்தையாவின் கண் என் நெஞ்சிலேயே இருந்தது. அது ஏறி இறங்குவதைப் பார்த்து அவருடைய வாயும் திறந்து திறந்து மூடியது. அந்தக் கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன், குத்தவில்லை. மறுபடி துடுப்பை இறக்கினேன். இந்தத் தடவை யாரையும் பார்க்க முடியாது, எல்லாரும் போய்விட்டார்கள். என் மூச்சு எவ்வளவு இழுக்கச் சொன்னதோ அவ்வளவுதான் இழுத்தேன்.

கரை சேர்ந்தபோது பரிசே கொடுத்து முடித்திருந்தார்கள். டாக்டர் தண்ணீரில் இறங்கி வந்து வள்ளத்தைப் பிடித்தார்.

முத்தையா முந்திக்கொண்டார். "நிக்கவே இல்ல சார்! மெதுவா வந்தா, ஆனா ஒரே மூச்சு!"

டாக்டர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் ஆயுசுக்கும் பிள்ளைமடுவம்தான் என்று நினைத்தேன்.

"நின்னேன் சார். குத்துச்சு. துடுப்ப மடியில வச்சிட்டு நின்னேன்."

"பின்னே?"

"மூச்சு வந்துச்சு. துடுப்புப் போட்டேன்."

ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு முத்தையாவைப் பார்த்து, "நீ சொன்னது சத்தியமானா நான் இவள மலைக்கு விடமாட்டேன்" என்றார். என்னிடம், "திங்கக்கிழமை பொய்க்கோ" என்றார். வேலைக்குப் போகலாம் என்று அர்த்தம்.

முத்தையா அசடு வழிய நின்றார். நான் வள்ளத்தில் உட்கார்ந்தபடியே அழுதேன்.

திங்கட்கிழமை மேல்காட்டில் என் நிரையில் இறங்கினேன். சரிவில் பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. நின்றேன். பக்கத்து நிரையில் பேச்சி என்னைத் தாண்டினாள்.

"என்னட்டி, நின்னுட்ட?"

"மூச்சு வாங்குதேன்."

"சரி, வாங்கிட்டு வா."

அவள் மேலே போய்க் கூடையை இறக்கியபோது நான் பாதியில்தான் இருந்தேன். முன்பெல்லாம் ஒரு செடி பின்தங்கினாலே கூசிப்போவேன். அன்று மலைமேல் நின்றுகொண்டு, காற்று உள்ளே போய் வருவதைக் கவனித்தேன். இடது பக்கம் கொஞ்சமாக, வலது பக்கம் நிறைய. வலி இல்லை. வெட்கமும் இல்லை.