கங்கம்மாவும் கரகரத்த பெட்டியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கங்கம்மாவோடு வம்பு வைத்துக்கொள்கிற ஆள் கிடையாது. பகலில் சுவிட்ச் போர்டுகளுக்கு ஒயர் பூட்டும் கம்பெனியில் வேலை. சாயங்காலமானால் ஆதிகேசவனின் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. அதுவும் சாதாரணக் கீபோர்டு இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே பர்மா பஜாரில் சண்டை போட்டுப் பேரம் பேசி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த பழைய ஜப்பான் சிந்தசைசர். பொத்தானை அமுக்கினால் ரெடியாகச் சத்தம் கொடுக்கிற ரகமல்ல. மேலே வரிசையாகக் குமிழ்கள் இருக்கும். அவற்றைத் திருகித் திருகி ஒவ்வொரு சத்தத்தையும் நாமேதான் உண்டாக்க வேண்டும். மகுடி வேண்டுமா, மகுடி. மழை வேண்டுமா, மழை. கங்கம்மா அதைப் 'பெட்டி' என்பாள். அவள் அதைச் சொல்கிற தினுசைக் கேட்டால் அவள் புருஷன் அருணாச்சலத்துக்கே கொஞ்சம் வயிறெரியும்.

அந்தப் பெட்டிதான் எளாவூர் அம்மன் திருவிழாவில் அவள் மானத்தை வாங்கியது. நல்ல கூட்டம். லாரிக்காரர்கள்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மகுடி வரவேண்டிய இடத்தில் கங்கம்மா நடுக்குமிழைத் திருப்பினாள். அவ்வளவுதான்! தகரத்தைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி எல்லா ஸ்பீக்கரிலும் கர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். முன்வரிசைக் குழந்தைகள் வீறிட்டு அழுதன. பாடிக்கொண்டிருந்த ஸ்நேகா பாதி வரியில் வாயை மூடிக்கொண்டாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஆதிகேசவன் வந்தார்.

"இந்தாம்மா கங்கம்மா, உன் பெட்டிக்கு வயசாயிப்போச்சு. அடுத்த வாரம் திருவள்ளூர்ல பெரிய எடத்து ரிசப்ஷன். பழவேற்காட்டுப் பையன் அஹ்சன் புதுசா ஒரு கீபோர்டு வெச்சிக்கினுகீறான். அவன் வாசிக்கட்டும்."

"அந்த ஒரு நாளைக்கு மட்டுமாண்ணே?"

"பாக்கலாம்."

ஆதிகேசவன் வாயிலிருந்து 'பாக்கலாம்' வந்துவிட்டால் கதை முடிந்தது என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். தபேலாக்காரர் ஒருத்தரை இப்படித்தான் அனுப்பினார். கங்கம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கம்பெனி வேலை போனால் இன்னொரு கம்பெனி இருக்கிறது. மேடை போனால் அவளுக்கு வேறு எதுவும் இல்லை. அருணாச்சலத்திடம் அதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அழுது முடித்த கையோடு ஸ்குரூடிரைவரை எடுத்தாள்.

முதலில் கரண்டின் மேல் சந்தேகம். இரும்பு உருக்குகிற ஊர் இது. உலைகள் கரண்டை இழுக்கும்போது வீட்டு பல்பெல்லாம் மினுக்மினுக்கென்று ஆடும். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசரைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டிப் பார்த்தாள். அதே கர்ர்ர். ஒயரை மாற்றினாள். அதே கர்ர்ர். பெட்டியை நாலு கெட்ட வார்த்தையால் திட்டிவிட்டு, எதையும் தொடாமல் ஒரே ஒரு கட்டையை மட்டும் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் சுத்தமாக வந்துகொண்டே இருந்தது. ஒரு சின்னக் கீறல்கூட இல்லை. கங்கம்மா நிமிர்ந்தாள். கரண்டிலோ ஒயரிலோ கோளாறு என்றால் சும்மா இருக்கும்போதும் கரகரக்க வேண்டுமே! குமிழைத் தொட்டால்தானே கத்துகிறது?

ஒவ்வொரு குமிழாகத் திருகிப் பார்த்தாள். இடது கோடியில் இருந்தவை கரகரக்கவில்லை. நடுவே வர வரக் கரகரப்பு ஏறியது. நடுக்குமிழ்தான் மகா மோசம்.

"ஏண்டி, உனுக்கு மட்டும் இன்னாடி வந்துச்சு?" என்று அதைக் கேட்டாள்.

அருணாச்சலம் உதவி செய்கிற நினைப்பில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்தான். "ரெண்டு சொட்டு வுடுமே. வழவழன்னு ஓடும்."

"யோவ், இது இன்னா தோசக்கல்லா? எண்ணெ பட்டா இருக்கற தூசியெல்லாம் ஒட்டிக்கும். ஓரமா போய்யா!"

குமிழ்களைப் பிடுங்கி, திருகாணிகளைக் கழற்றி, மேல்மூடியைத் தூக்கினாள். ஒவ்வொரு குமிழுக்கும் அடியில் ஒரு கறுப்புப் பாதை. அதன்மேல் மெல்லிய தகட்டு விரல் ஒன்று ஊர்ந்து போகும். அப்படித்தான் சத்தம் ஏறி இறங்குகிறது. அந்தப் பாதையில் மஞ்சளாக, நடுநடுவே சிவப்பாக, என்னவோ பொருக்குத் தட்டிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள். சந்தனம்!

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தலை குளித்துவிட்டுப் பெட்டிக்குப் பொட்டு வைப்பது அவள்தான். வேறு யாரையும் தொடவிட மாட்டாள். தினமும் தொடுகிற குமிழ்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும். நடுக்குமிழ் அவள் செல்லம்; அதற்கு மட்டும் சந்தனத்தை அப்பி வைப்பாள். அது கசிந்து உள்ளே இறங்கி, காய்ந்து, வருஷக்கணக்காய்ச் சேர்ந்து கிடக்கிறது. இடது கோடிக் குமிழ்களை அவள் உபயோகிப்பதே இல்லை என்பதால் பொட்டும் வைத்ததில்லை, அவை பிழைத்துக்கொண்டன.

"சாமி கும்புட்டே கழுத்த நெறிச்சிக்கீறேன்யா நானு!" என்று சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

அருணாச்சலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "சொரண்டாதமே, சாமி குத்தம் ஆயிடப்போவுது."

"ஏன், சாமிக்கு மகுடி கேக்கப் புடிக்காதா?"

கம்பெனியில் சுவிட்ச் கழுவுகிற ஸ்பிரே ஒன்றை ஸ்டோர் ஜோசப்பிடம் கெஞ்சி வாங்கிவந்தாள். அடித்தாள், திருகினாள், பஞ்சால் ஒற்றினாள். பஞ்செல்லாம் மஞ்சளாக வந்தது. ஒயர் சோதிக்கிற மீட்டரை வைத்துப் பார்த்தால் குமிழைத் திருப்பத் திருப்ப முள் அழகாக ஏறியது. நடுக்குமிழில் மட்டும் முள் பாதி தூரம் போய்ப் பொத்தென்று விழுந்தது. எத்தனை தடவை கழுவினாலும் விழுந்தது. பாதையே அரித்துப்போயிருந்தது. அந்த மாடலுக்குப் புதுசு இனி எந்த பஜாரிலும் கிடைக்காது.

கொஞ்ச நேரம் பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்தவளின் கண் இடது கோடிக்குப் போனது. அங்கே ஓரமாக இருந்த குமிழ் கடல் இரைச்சல் உண்டாக்குவதற்கு. மீட்டரை வைத்தாள். நடுக்குமிழுக்கு வேண்டிய அதே அளவு! கடல் சத்தம் போனால் போகட்டும், பழவேற்காட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். இரண்டையும் கழற்றி இடம் மாற்றி ஈயம் வைத்தாள். சுவிட்சைப் போட்டு நடுக்குமிழைத் திருப்பினாள். மகுடி வழுக்கிக்கொண்டு எழும்பியது. தெருவில் போன நாய் நின்று திரும்பிப் பார்த்ததாக அருணாச்சலம் பிற்பாடு சத்தியம் செய்தான்.

திருவள்ளூர் கல்யாண மண்டபத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே பெட்டியோடு போய் இறங்கினாள். மேடையில் அஹ்சனின் புதுக் கீபோர்டு பளபளத்துக்கொண்டிருந்தது. ஆதிகேசவனுக்கு முகம் சுருங்கியது.

"இன்னாம்மா இது, பேஜாரு பண்றியே. மாப்ள ஊட்டுக்காரங்க வந்துட்டாங்க."

"ஒரே ஒரு பாட்டுண்ணே. ஒரு தபா கரகரன்னுச்சுன்னா நானே தூக்கினு போயிடறேன். அப்பறம் உங்க மேட பக்கம் தல வெச்சிக்கூட படுக்க மாட்டேன்."

ஆதிகேசவன் தலையைச் சொறிந்தார். அதற்குள் அஹ்சன் எழுந்து தன் கீபோர்டிலிருந்து ஒயரைப் பிடுங்கி அவளிடம் நீட்டினான். "வாசிங்கக்கா. என்னுதுல மகுடி படிப்படியாத்தான் எறங்குது, வழுக்கவே மாட்டேங்குது. நானும் உங்களதக் கேக்கணும்."

ஸ்நேகா பாட ஆரம்பித்தாள். மகுடி வருகிற இடம் நெருங்கியது. கங்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நடுக்குமிழைத் திருப்பினாள். சத்தம் அடியிலிருந்து கிளம்பி, நெளிந்து நெளிந்து மேலே ஏறி, உச்சியில் நின்று ஆடியது. ஒரு கீறல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆட இறங்கிவிட்டார். விசில் காதைப் பிளந்தது. அடிச்சு தூள் கிளப்பிட்டேடி கங்கம்மா என்று அவளே தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பாட்டு முடிந்ததும், "இன்னொரு வாட்டி!" என்று மண்டபமே கத்தியது. ஆதிகேசவன் குனிந்து அவள் காதருகே வந்தார். "கங்கம்மா, இதையே போடலாமா, வேற எதனா வாசிக்கிறியா?" இத்தனை வருஷத்தில் அடுத்த பாட்டு எது என்று அந்த மனிதர் யாரையும் கேட்டதில்லை.

"அத்த அப்பறம் சொல்றேன்," என்றாள் கங்கம்மா. "மொதல்ல மைக்ல என் பேர சொல்லுங்கண்ணே."

ஆதிகேசவன் மைக்கை வாயருகே கொண்டுபோய், கூட்டம் அடங்கும்வரை காத்திருந்து, அடிவயிற்றிலிருந்து சொன்னார்: "சிந்தசைசர்... கங்கம்மா!"